கொள்ளுத்தாத்தா காயத்தோட வந்த கப்பலை எப்படி தேடறது?

பெரம்பூர்லேர்ந்து ஒரு வாசகர் கேட்டிருக்காரு: "எங்க கொள்ளுத்தாத்தா முதல் உலகப்போர்ல மெசபடோமியாவுல (இன்னிக்கு ஈராக்) கால்ல குண்டடி பட்டு ஆஸ்பத்திரி கப்பல்ல வந்தாராம். 'மெட்ராஸ் கப்பல்'னு பாட்டி சொல்லுவாங்க. ஒரு வெள்ளி மெடல்தான் மிச்சம். கப்பல்ல வந்தவங்க லிஸ்ட் எங்க கிடைக்கும்?"

சார், கப்பல்லேர்ந்து ஆரம்பிக்காதீங்க, மெடல்லேர்ந்து ஆரம்பிங்க. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, இன்னொரு பக்கம் குதிரை மேல ஒரு ஆள், 1914, 1918னு இருந்தா அது பிரிட்டிஷ் வார் மெடல். அதோட ஓரத்துல நம்பர், ரேங்க், பேரு, யூனிட் எல்லாம் பொடி எழுத்துல குத்தியிருப்பாங்க, போன் டார்ச்சை சாய்ச்சு பிடிச்சு போட்டோ எடுத்து பெருசாக்கி பாருங்க. தயவுசெஞ்சு விபூதி, புளி போட்டு தேய்ச்சிடாதீங்க, தேய்ஞ்ச எழுத்து அப்படியே போயிடும். 'க்யூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்.'னு (குயின் விக்டோரியாஸ் ஓன் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்) இருந்து முன்னாடி 2 இருந்தா அவரு மெட்ராஸ் சேப்பர்ஸ், அதாவது பாலம், பதுங்குகுழி போடற ராணுவ இன்ஜினியர் படை. கூடப்போன கூலியாட்களுக்கு இதே மெடலை வெண்கலத்துலதான் குடுத்தாங்க, அந்த பாரபட்சம் எனக்கு இன்னிக்கும் ஆறல.

யூனிட் தெரிஞ்சதும் அதோட வார் டைரி, அதாவது போர்ல அந்த யூனிட் எழுதி வச்ச நாள்குறிப்பு. லண்டன்ல க்யூ (Kew)ன்ற இடத்துல இருக்கற நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல (அரசு ஆவணக் காப்பகம்) டபிள்யூ.ஓ. 95 (WO 95)ன்ற வரிசையில தேடுங்க, மெசபடோமியா சம்பந்தமா நிறைய கத்தார் டிஜிட்டல் லைப்ரரில காசில்லாமலே படிக்கலாம். சிப்பாய் பேரு அதுல அபூர்வமாதான் வரும், ஆனா எந்த சண்டையில எத்தனை பேருக்கு காயம்னு தேதியோட இருக்கும், வீட்டுக் கதையை அதோட வச்சு பாக்கலாம்.

இப்ப கப்பல். பாட்டி சொன்னது சரியா இருக்க வாய்ப்பிருக்கு, ஏன்னா நிஜமாவே 'மெட்ராஸ்'னு ஒரு ஆஸ்பத்திரி கப்பல் இருந்துச்சு. டாண்டான்ற கப்பலை மெட்ராஸ் வார் ஃபண்டு காசுல, அதாவது நம்ம மாகாணத்து ஜனங்க குடுத்த பணத்துல, ஆஸ்பத்திரியா மாத்தினாங்க. ஆனா கப்பல் பேரு மெட்ராஸ்ன்றதால இங்க ஹார்பர்லதான் இறங்கினாருன்னு முடிவு பண்ணிடாதீங்க, ஈராக் துறைமுகமான பாஸ்ராவுல ஏத்தினவங்க நிறைய பேரை பம்பாய்ல இறக்கினாங்க, அங்கேர்ந்து ரயில்.

கடலை விட கொடுமை அதுக்கு முன்னாடி இருந்த ஆத்துப் பயணம். 1915 நவம்பர்ல பாக்தாத் பக்கத்துல நடந்த டெசிஃபான் சண்டைக்கப்புறம் காயம்பட்டவங்களை ஸ்டீமர்லயும் ரெண்டு பக்கம் கட்டின பார்ஜ்லயும் நெருக்கி படுக்க வச்சு, கட்டு மாத்த ஆளில்லாம, நாள் கணக்குல டைகிரிஸ் வழியா பாஸ்ராவுக்கு கொண்டு வந்தாங்க, 1917ல வந்த மெசபடோமியா கமிஷன் (பிரிட்டிஷ் அரசு விசாரணைக் குழு) அறிக்கையில இதெல்லாம் பதிவாகியிருக்கு, அவசியம் படிங்க. உங்க கொள்ளுத்தாத்தா அந்த நேரத்துல அடிபட்டவரா இருந்தா அவரு பட்டது என்னன்னு அதுல தெரியும்.

சேப்பர்ஸ்னு உறுதியானா அந்தப் படையோட இன்றைய வாரிசான பெங்களூர் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்புக்கு மெடல்ல இருக்கற நம்பரோட ஒரு லெட்டர் போடுங்க. காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் லிஸ்ட்ல பேரு வரலன்னு கவலைப்படாதீங்க, அது போர்ல இறந்தவங்களுக்கானது, இவரு உயிரோட வீடு வந்தவரு.