'மாஸ்டரும் மார்கரீட்டாவும்' நாவலில் சைத்தானுக்கு என்ன வேலை?

கேள்வி: ரஷ்ய எழுத்தாளர் புல்ககோவின் இந்த நாவலில் சைத்தான் எதற்கு? சோவியத் அதிகாரிகளை நேரடியாகவே கிண்டல் செய்திருக்கலாமே? இரண்டாம் அத்தியாயத்தில் திடீரென்று பிலாத்து வந்ததும் மூடி வைத்துவிட்டேன். தொடரலாமா?

தொடருங்கள். ஏழாம் அத்தியாயம் வரையாவது போய்விடுங்கள், உங்கள் முதல் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

மாஸ்கோவின் சதோவயா தெருவில் ஐம்பதாம் எண் வீடு. (1920களின் தொடக்கத்தில் புல்ககோவ் குடியிருந்த வீட்டின் எண்ணும் அதுதான்.) வெள்ளைக் கையுறை போட்ட, ரொம்ப மரியாதையான போலீஸ்காரர் ஒருவர் வந்து, அங்கே குடியிருப்பவரை ஒரு கையெழுத்துக்காக ஸ்டேஷனுக்குக் கூப்பிடுகிறார். பத்து நிமிஷத்தில் வந்துவிடுவதாக வேலைக்காரி அன்ஃபீசாவிடம் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தப் போலீஸ்காரரும் கூடவே காணாமல் போய்விடுகிறாராம்! பக்திமிக்க அன்ஃபீசா இது சூனியம்தான் என்கிறாள். இழுத்துக்கொண்டு போனது யார் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் பொழுது சாய்ந்த நேரத்தில் அதைப் பேச மாட்டாளாம்.

இதெல்லாம் தொடங்கி இரண்டு வருஷம் கழித்துத்தான் சைத்தான் வோலண்ட் அந்த ஊருக்கே வருகிறான். 1930களின் மாஸ்கோவில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனது ரகசியப் போலீஸ் என்று நேராக எழுத முடியாது. வேலைக்காரியின் வாயில் சூனியம் என்று வைத்துவிட்டால் எழுதிவிடலாம். எழுதலாமே தவிர அச்சேறாது. முதல் பிரதியை 1930இல் புல்ககோவே எரித்தார், திரும்ப எழுதினார், சாகும் வரை திருத்தினார். 1940இல் இறந்தார். 1966-67இல் 'மாஸ்க்வா' பத்திரிகையில் அது வந்தபோதுகூட நிறைய வெட்டியிருந்தார்கள்.

நான் முதன்முதலில் படித்தது வாடகை வீடு தேடி அலைந்த நாட்களில். அதனால் வோலண்டின் கூட்டத்தில் வரும் பேசும் பூனையைவிட என்னை உலுக்கியது வேறு இடம். அதே ஐம்பதாம் எண் வீட்டில் குடியிருக்கும் பத்திரிகை ஆசிரியர் பெர்லியோஸ் டிராமில் தலை துண்டாகிச் சாகிறார். செய்தி பரவியதும் இரண்டே மணி நேரத்தில் அவருடைய அறைகளைக் கேட்டு 32 மனுக்கள் வந்து விழுகின்றன. கெஞ்சல், மிரட்டல், தற்கொலை செய்துகொள்வேன் என்ற பயமுறுத்தல் எல்லாம் உண்டு. சைத்தான் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை, அத்தனையும் அவர்களாகவே எழுதியது.

அப்புறம் அந்த கோட்டு சூட்டு. ஓர் அதிகாரி "பிசாசு என்னைக் கொண்டு போகட்டும்" என்று கத்த, பிசாசு சொன்னபடி கொண்டு போய்விடுகிறது. நாற்காலியில் வெறும் உடுப்பு மட்டும் உட்கார்ந்து கோப்புகளில் எழுதிக்கொண்டிருக்கிறது. பின்னால் ஆள் திரும்பி வந்து, சூட்டு போட்ட உத்தரவுகள் அத்தனையும் சரிதான் என்று ஒப்புக்கொள்கிறார். எனக்கு நாவலிலேயே பிடித்த இடம் இதுதான்.

சரி, உங்களைத் தடுத்த பிலாத்து. நம் பைபிளில் இயேசுவை விசாரிக்கும் ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்து என்று வருகிறவனேதான். இங்கே அவனுக்கு மண்டையைப் பிளக்கும் ஒற்றைத் தலைவலி. எதிரே நிற்கும் கைதி, அதாவது நாவலின் இயேசு, பேசப் பேச அது விட்டுப்போகிறது. அவனிடம் குற்றம் எதுவுமில்லை என்று பிலாத்து விடுவிக்கப் போகும்போது, ராயனை, அதாவது ரோமப் பேரரசனைப் பற்றி அந்தக் கைதி ஏதோ சொன்னதாக இன்னொரு தாள் வருகிறது. அதைப் பார்த்ததும் பயந்துபோய் மரண தண்டனையை உறுதி செய்துவிடுகிறான்.