செவிலியரின் முடிவுகள்: கேள்வி பதில்

(பதிலளிப்பவர் அறுவை சிகிச்சை வார்டில் 22 ஆண்டுகள் பணியாற்றிய மூத்த செவிலியர்.)

கேள்வி (செவிலியர் மாணவி): மருத்துவர் எழுதியதைச் செய்வதுதானே நம் வேலை, சிஸ்டர்? இதில் நாம் முடிவெடுக்க என்ன இருக்கிறது?

பதில்: எழுதிய மருந்தை அந்த வேளையில் கொடுக்கலாமா என்று பார்ப்பதும் நம் வேலைதானம்மா. இதயத்துடிப்பைக் குறைக்கும் டிகாக்சின் மாத்திரையைக் கொடுக்குமுன் ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்து ஒரு முழு நிமிடம் இதயத்துடிப்பை எண்ணுகிறோம். பெரியவர்களுக்கு அது 60-க்குக் கீழே இருந்தால், மாத்திரையைக் கொடுக்காமல் மருத்துவருக்குத் தெரிவிக்கிறோம்.

கேள்வி (புதிதாகப் பணியில் சேர்ந்தவர்): இரவு 2 மணிக்கு ஒரு நோயாளி ‘ஒரு மாதிரியாக இருக்கிறது’ என்கிறார், பிபி சரியாகவே இருக்கிறது. ட்யூட்டி டாக்டரை எழுப்பத் தயக்கமாக உள்ளது.

பதில்: முதலில் அவருடைய மூச்சை எண்ணுங்கள். உள்ளே இரத்தம் கசியும்போது உடல் இரத்தக்குழாய்களைச் சுருக்கியும் இதயத்தை விரைவாகத் துடிக்க வைத்தும் இரத்த அழுத்தத்தை வெகுநேரம் தாங்கிப் பிடிக்கும். மூச்சும் நாடியும் பெரும்பாலும் அதற்கு முன்பே மாறிவிடும். ஆனால் பல வார்டுகளில் எண்ணாமலேயே சார்ட்டில் ‘20’ என்று எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது, அது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. வயிற்று அறுவை முடிந்த ஒருவருக்கு ஓர் இரவு நான் எண்ணியபோது நிமிடத்துக்கு மூச்சு 26, நாடி 112; விரல் நுனிகள் சில்லென்றிருந்தன, சிறுநீர்க் குழாயில் மாட்டிய பை ஏறக்குறைய காலியாக இருந்தது. பிரிட்டனில் 2017-இல் திருத்தி வெளியிடப்பட்ட ‘நியூஸ் 2’ என்ற, நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே கண்டுகொள்ள உதவும் மதிப்பெண் முறையில் மூச்சு 25 அல்லது அதற்கு மேல் என்றால் 3, நாடி 111 முதல் 130 வரை என்றால் 2. மொத்தம் 5 வந்துவிட்டாலே அவசரமாக மருத்துவர் வந்து பார்க்க வேண்டும். அன்று பிபி 118/76. நான் மருத்துவரை எழுப்பினேன். விடியுமுன் நோயாளியை மீண்டும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு சென்றார்கள்.

கேள்வி (நோயாளியின் மகள்): நாங்கள் அடிக்கடி வந்து சொல்வது உங்களுக்குத் தொந்தரவாக இருக்குமா?

பதில்: தயங்காமல் சொல்லுங்கள். ‘நேற்றுவரை என் பெயரைச் சொன்ன அம்மா இன்று தடுமாறுகிறார்’ என்பதை எங்களைவிட உங்களால்தான் முதலில் கண்டுகொள்ள முடியும். புதிதாக வரும் குழப்பத்துக்கு அதே முறையில் 3 மதிப்பெண்.

கேள்வி (ஆண் செவிலியர்): தொலைபேசியில் மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

பதில்: இப்போது என்ன நிலை, என்ன அறுவை நடந்தது, நீங்கள் எதைச் சந்தேகிக்கிறீர்கள் என்பவற்றை எண்களோடு சொல்லி, ‘உடனே வந்து பாருங்கள், சார்’ என்று தெளிவாகக் கேளுங்கள். அழைத்த நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அவர் வரத் தாமதமானால் அடுத்த நிலை மருத்துவரை அழையுங்கள். அதுவரை நோயாளியின் அருகிலேயே இருங்கள்.