கதை பிடித்திருக்கிறது, ஆனால் உறுத்துகிறது: சிறு பிழைகளை எப்படிக் களைவது?

கேள்வி: வாரம் ஓர் அத்தியாயமாகக் குடும்பத் தொடர்கதை ஒன்றை இணையத்தில் எழுதி வருகிறேன். கதை பிடித்திருப்பதாகச் சொல்லும் வாசகர்களே, "சின்னச் சின்ன விஷயங்கள் உறுத்துகின்றன" என்றும் எழுதுகிறார்கள். கணவனும் மனைவியும் தங்களுக்குத் தெரிந்ததையே பேசிக்கொள்கிறார்கள், முக்கியமான ரகசியத்தைச் சொல்ல வருபவர் சொல்லாமலே போய்விடுகிறார், பதினான்காம் அத்தியாயத்தில் ஒரே கையெழுத்தில் விவாகரத்து முடிந்துவிடுகிறது என்பவை அவர்களுடைய குறைகள். இவை அவ்வளவு பெரிய குற்றங்களா? வெளியாகிவிட்ட அத்தியாயத்தை இனி என்ன செய்வது?

பதில்: உங்கள் வாசகர்கள் குறை சொல்வதற்காகக் குறை சொல்லவில்லை. பேய் பேசுவதையும், இறந்தவன் திரும்பி வருவதையும் நம்பத் தயாராக இருக்கும் அதே வாசகர், நள்ளிரவில் உச்சிவானில் மூன்றாம் பிறை காய்ந்தால் புத்தகத்தை மூடிவிடுகிறார். பேயை அவர் கதையின் நிபந்தனையாக ஏற்றுக்கொண்டுவிட்டார். பிறையோ அவர் தினமும் பார்க்கும் உலகத்தைச் சேர்ந்தது. சூரியன் மறைந்த சில மணி நேரத்துக்குள் மேற்கில் அதுவும் மறைந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

இந்த உறுத்தலுக்கு நம் இலக்கணத்தில் பெயரே உண்டு. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம், செய்யுளில் நேரும் முரண்களை மலைவு என்று சொல்லி, அவற்றை இடமலைவு, காலமலைவு, கலைமலைவு, உலகமலைவு, நியாயமலைவு, ஆகமமலைவு என ஆறாகப் பிரிக்கிறது. அதே நூல், புலவன் தக்க காரணத்தோடு கையாளும்போது இவை குற்றமாகாமல் அமையும் என்றும் இடம் தருகிறது. ஆகவே பிழை முரணில் மட்டும் இல்லை. அந்த முரண் கதைக்காக வந்ததா, எழுதுபவரின் வசதிக்காக வந்ததா என்பதில்தான் இருக்கிறது. கையெழுத்துப் படிகளைத் திருத்தும் என் பணியில், வாசகரை எரிச்சலூட்டும் சிறு பழக்கங்களில் பெரும்பாலானவை இந்த வசதியிலிருந்தே பிறப்பதைக் கண்டிருக்கிறேன்.

முதல் குறையை எடுத்துக்கொள்வோம். "பத்து வருஷத்துக்கு முந்தி உங்க தம்பி மோகன் கோவிச்சுக்கிட்டு துபாய்க்குப் போனதுலேருந்து அத்தை பேசுறதையே கொறச்சுக்கிட்டாங்களே" என்று எந்த மனைவியும் கணவனிடம் சொல்லமாட்டாள். மோகன் யார் என்பது அவனுக்குத் தெரியும்; தெரியாதவர் வாசகர் மட்டுமே. அவள் கணவனோடு பேசவில்லை, அவன் தோளுக்கு மேலாக வாசகரோடு பேசுகிறாள், அதை வாசகரும் உணர்ந்துவிடுகிறார். இதற்கு மாற்றாக, இரவு உணவுக்கு அத்தை ஒரு தட்டைக் கூடுதலாக வைக்கட்டும். மருமகள் எதுவும் பேசாமல் அதை எடுத்து அலமாரியில் திருப்பி வைக்கட்டும். கணவன் அதைப் பார்த்தும் பார்க்காதவன்போல் தலையைக் குனிந்துகொள்ளட்டும். அந்த வீட்டில் ஒருவர் குறைகிறார் என்பது அப்போதே தெரிந்துவிடும். அவர் யார் என்று அறியும் ஆவல் வாசகருக்கு வந்தபின், அடுத்த அத்தியாயத்தில் மோகனின் பெயரைச் சொல்லலாம்.

பேச்சின் வழியாகத்தான் சொல்லியாக வேண்டும் என்றால், செய்தியைச் சண்டைக்குள் வையுங்கள். "அவன் கோவிச்சுக்கிட்டுப் போகல, நீங்கதான் அனுப்புனீங்க" என்று அவள் மறுக்கும்போது, இருவருக்கும் தெரிந்த அதே செய்தி பேசப்படுவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. தெரிந்ததை மனிதர்கள் மீண்டும் பேசுவது பெரும்பாலும் அதைப் பற்றிக் கருத்து வேறுபடும்போதுதான்.

இரண்டாவது குறை, "போன்ல சொல்ல முடியாது, நேர்ல வந்து சொல்றேன்" என்றவர் வழியில் விபத்தில் சிக்குவது. ஒரு வாக்கியத்தில் முடியக்கூடிய செய்தியை இருபது அத்தியாயங்களுக்கு இழுப்பதற்காக ஒரு மனிதரைக் கொல்வதை வாசகர் மன்னிப்பதில்லை. அவர் சொல்லாமல் இருப்பதற்கு வெட்கமோ, பயமோ, யாருக்கோ கொடுத்த வாக்கோ காரணமாக இருந்தால் அந்த மௌனமே கதையாகிவிடும். அதைவிடவும் வலுவான வழி ஒன்று உண்டு: அவர் சொல்லிவிடட்டும், கேட்டவர் அதை நம்ப மறுக்கட்டும்.

மூன்றாவது குறைதான் மிக முக்கியமானது என்று கருதுகிறேன், ஏனெனில் இங்கே உண்மையைத் தெரிந்துகொண்டால் உங்கள் கதை இன்னும் வளமாகும். தாளில் கையெழுத்திடுவதால் மட்டும் எந்தத் திருமணமும் நீதிமன்றத்தில் முறிந்துவிடாது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் 13பி என்னும் பிரிவு பரஸ்பர சம்மத விவாகரத்தைப் பற்றியது. அதன்படி தம்பதியர் ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும்; இருவரும் சேர்ந்து மனுத் தாக்கல் செய்ய வேண்டும்; பிறகு 6 மாதம் கழிந்து, 18 மாதத்துக்குள், மீண்டும் நீதிமன்றத்தின் முன் வர வேண்டும். தக்க வழக்குகளில் அந்த 6 மாதக் காத்திருப்பை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் கூறியது. இறுதி ஆணை வரும்வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். பிரிந்துவிட்டோம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, சட்டப்படி இன்னும் கணவன் மனைவியாகவே இருக்கும் அந்த மாதங்களை எண்ணிப் பாருங்கள். குடும்ப நீதிமன்றத்தின் தாழ்வாரத்தில் ஒரே பெஞ்சின் இரு முனைகளில் அமர்ந்து தங்கள் பெயர் அழைக்கப்படுவதற்காகக் காத்திருக்கும் இருவரை ஒற்றைக் கையெழுத்து உங்களிடமிருந்து பறித்துவிட்டது.

இதே போன்றதுதான், மயங்கிக் கிடக்கும் அப்பாவின் கட்டைவிரலில் மை தடவி, சொத்து முழுவதையும் எழுதி வாங்கும் காட்சி. வீட்டையோ நிலத்தையோ தானமாகக் கொடுக்க வேண்டுமானால், பத்திரத்தில் இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும், அதைப் பதிவும் செய்தாக வேண்டும். எழுதிக் கொடுத்தவர் அதைத் தாம்தான் எழுதிக் கொடுத்ததாகப் பதிவு அலுவலரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். நினைவில்லாதவரால் அது இயலாது. உயில் அப்படியில்லை. அதற்கும் இரண்டு சாட்சிகள் வேண்டும் என்றாலும், பதிவு கட்டாயமில்லை. ஆகவே உங்கள் வில்லன் சற்று அறிவுள்ளவனாக இருந்தால் உயிலைத்தான் நாடுவான்; சாட்சிக் கையெழுத்திட்ட இருவரும் கதைக்குள் வருவார்கள், அவர்களில் ஒருவருக்கு மனசாட்சி உறுத்தத் தொடங்கும்.

மருத்துவக் காட்சிகளிலும் இதே நிலைதான். மயங்கி விழுந்த மருமகளின் நாடியைப் பிடித்த உடனேயே மருத்துவர் புன்னகைத்து நல்ல செய்தி சொல்வதை இன்றைய வாசகர் ஏற்பதில்லை. கருவுற்றிருப்பதைச் சிறுநீரிலோ ரத்தத்திலோ உள்ள ஹார்மோனைக் கொண்டே உறுதி செய்கிறார்கள் என்பதையும், அதற்கான கிட் மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது என்பதையும் அவர் அறிவார். குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, இரண்டாவது கோடு தெரிகிறதா என்று தனியாகப் பார்த்து நிற்கும் பெண்ணை எழுதுங்கள். வீட்டில் யாருக்கும் தெரியாத அந்தச் சில நிமிடங்கள் அவளுக்கு மட்டுமே உரியவை.

இன்னும் சில பழக்கங்களை ஒரு வரியில் சொல்லிவிடலாம். கீதா, கவிதா, கமலா என ஒரே எழுத்துவரிசையில் பெயர் வைத்தால் வாசகர் குழம்புவார். நாயகி கண்ணாடி முன் நின்று தன் அழகைத் தானே விவரித்துக்கொள்ள வேண்டியதில்லை. பெருமூச்சும் குளமாகும் கண்களும் அத்தியாயத்துக்கு நான்கு முறை வந்தால் உங்கள் பாத்திரங்களின் துயரம் நீர்த்துப்போகும்.

எழுதியவருக்குத் தன் பிழை தெரியாது என்பதால், நம்பிக்கையான ஒருவரிடம் படியையும் பென்சிலையும் கொடுத்து, கவனம் விலகிய இடத்தில் ஒரு கோடு மட்டும் போடச் சொல்லுங்கள். காரணம் கேட்காதீர்கள், கேட்டால் அவர் உங்களுக்காகத் தயங்கி எதையோ சொல்வார். கோடு விழுந்த ஒவ்வோர் இடத்திலும், இந்த வரி பாத்திரத்துக்குத் தேவையா, எனக்கு மட்டும் தேவையா என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

பதினான்காம் அத்தியாயத்தை நீக்க வேண்டாம். அதில் அவர்கள் கையெழுத்திட்ட தாள், வழக்கறிஞர் தயாரித்த கூட்டு மனுவாகவே இருக்கட்டும். எல்லாம் முடிந்துவிட்டது என்று உங்கள் நாயகி நம்பியது அவளுடைய அறியாமையாக ஆகட்டும். பதினைந்தாம் அத்தியாயத்தில் வழக்கறிஞர் தொலைபேசியில் அழைத்து, இனி 6 மாதம் காத்திருக்க வேண்டும் என்கிறார். கழற்றி அலமாரியில் வைத்த தாலியை என்ன செய்வது என்று தெரியாமல் அவள் நிற்கிறாள்.