போதும் என்று யார் சொல்வது? (வாசகர் கேள்வி பதில்)

இந்த மாதம் பதில் சொல்பவர் ஆலங்குளம் பக்கத்துக் கிராமத்துப் பெண். பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் முடித்திருக்கிறார். ஊர் சி.எஸ்.ஐ. சபையில் ஞாயிறு பள்ளி ஆசிரியை.

எங்கள் வகுப்பில் பலருக்கு கேம்பஸ் இன்டர்வியூவிலேயே வேலை கிடைத்துவிட்டது. எனக்குக் கிடைக்கவில்லை. தினமும் ஜெபிக்கிறேன், ஆனாலும் ராத்திரி தூக்கம் வருவதில்லை. என் விசுவாசம் குறைந்துவிட்டதா?
*மூன்றாம் ஆண்டு மாணவி, மதுரை*

குறையவில்லை, தங்கச்சி. பயம் வந்தாலே விசுவாசம் போய்விட்டது என்று சின்ன வயதிலிருந்தே நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பதின்மூன்றாம் சங்கீதத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்றுதான் அது ஆரம்பிக்கிறது. அப்படிக் கேட்டவனை ஆண்டவர் தள்ளிவிடவில்லை. அவன் கேட்டதை வேதத்திலேயே சேர்த்து வைத்திருக்கிறார்.

கடைசி செமஸ்டரில் சென்னைக் கம்பெனி ஒன்று எங்கள் கல்லூரிக்கு வந்தது. குரூப் டிஸ்கஷன் வரைக்கும் போனேன், அதோடு சரி. என் அறைத் தோழிக்கு வேலை கிடைத்தது. சாயங்காலமே டவுனுக்குப் போய் அல்வா வாங்கிக்கொண்டு வந்தாள். நான் மனதாரச் சந்தோஷப்பட்டுத்தான் சாப்பிட்டேன். அப்புறம் துணி எடுக்க மாடிக்குப் போனபோது "ஆண்டவரே, அப்போ எனக்கு?" என்று கேட்டேன். அன்றைக்கு என் ஜெபம் அவ்வளவுதான். பதில் உடனே வரவில்லை. ஆனால் கேட்ட பிறகு அவளோடு உட்கார்ந்து சென்னையில் அவள் எங்கே தங்கலாம் என்று பேச முடிந்தது. உள்ளே அடக்கி வைத்திருந்தால் என்னால் அது முடிந்திருக்காது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். தூங்கப் போகும் நேரத்தில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்க்காதீர்கள். அந்த நேரத்தில் அடுத்தவருடைய ஆஃபர் லெட்டரைப் பார்ப்பதால் உங்களுக்கும் நன்மையில்லை, அவருக்கும் இல்லை.

என் மகள் பட்டம் வாங்கிவிட்டாள். இன்னும் மேலே படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள். "போதுமென்கிற மனதுடனே கூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம்" என்று வேதம் சொல்கிறதே, பெண் பிள்ளைக்கு ஒரு டிகிரி போதாதா? எங்கள் நிலைமையையும் அவள் பார்க்க வேண்டாமா?
*ஒரு தாய், வள்ளியூர்*

அம்மா, உங்கள் கேள்வியை எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். கேட்டது என் அத்தை. அவர்கள் சொன்னதும் இதே வசனம்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவுக்கு எழுதின முதலாம் நிருபத்தின் (கடிதத்தின்) ஆறாம் அதிகாரத்தில் அந்த வசனத்துக்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். தேவபக்தியைப் பணம் சம்பாதிக்கும் தொழிலாக நினைக்கிறவர்களைப் பற்றித்தான் பவுல் அங்கே பேசுகிறார். கொஞ்சம் தள்ளி, பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது என்கிறார். படிக்க ஆசைப்படுகிற பிள்ளையைப் பார்த்து அவர் அதை எழுதவில்லை. பெண்ணுக்குப் படிப்பு போதும் என்று வசனம் காட்டுகிறவர்கள், வரன் பேசும்போது இத்தனை பவுன் போதும் என்று அதே வசனத்தைக் காட்டி நான் கேட்டதில்லை. அங்கேதான் அந்த வசனம் முதலில் வர வேண்டும்.

மனரம்மியத்தைப் பற்றி, அதாவது போதும் என்கிற மனதைப் பற்றிப் பவுல் அதிகமாகப் பேசுவது பிலிப்பியருக்கு எழுதின கடிதத்தில். அந்தச் சபை எப்படி ஆரம்பித்தது என்று அப்போஸ்தலர் பதினாறாம் அதிகாரத்தில் இருக்கிறது. லீதியாள் என்ற பெண்ணிடமிருந்து ஆரம்பித்தது. அவள் தியத்தீரா ஊர்க்காரி. சொந்த ஊரை விட்டு, கடல் கடந்து பிலிப்பிக்கு வந்து இரத்தாம்பரம் விற்றுக்கொண்டிருந்தவள். அந்தக் காலத்தில் இரத்தாம்பரம் வசதியானவர்கள் வாங்குகிற விலை உயர்ந்த துணி. பவுலையும் கூட வந்தவர்களையும் தன் வீட்டிலேயே தங்க வைக்கிற அளவுக்கு அவளுக்கு வசதி இருந்தது. வியாபாரம் போதும், வீட்டில் இரு என்று பவுல் அவளிடம் சொன்னதாக எங்கேயும் இல்லை. அப்படிப்பட்ட பெண்ணின் வீட்டில் தொடங்கின சபைக்குத்தான் பல வருடம் கழித்துச் சிறையிலிருந்து, "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்று எழுதுகிறார்.

தன்னுடைய பசியைப் பற்றி, தன்னுடைய குறைவைப் பற்றித்தான் பவுல் அதைச் சொன்னார். போதும் என்று ஒருவர் தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளும்போது அது பக்தி. அடுத்தவரைப் பார்த்து, அதுவும் நம் கைக்குள் இருக்கிற பிள்ளையைப் பார்த்துச் சொல்லும்போது அது வேறு ஏதோ ஆகிவிடுகிறது.

நிலைமை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். என் அம்மா பீடி சுற்றுகிறவர்கள். இலையை நனைத்து, அளவுக்கு வெட்டி, சொளகை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இருட்டும் வரை எழுந்திருக்க மாட்டார்கள். சுற்றியதைப் பீடிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், சரியில்லை என்று கொஞ்சத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு எழுதுவார்கள். அந்தக் காசில்தான் ஹாஸ்டல் பீஸ் கட்டினேன். அத்தை வசனம் சொன்ன அன்றைக்கு அம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நான் பீடி சுத்துறத நிறுத்தும்போது அவ படிப்ப நிறுத்தட்டும்" என்றார்கள். எனக்கு இன்னும் அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

அதனால் பணத்துக்கு வழியும் சொல்கிறேன். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் துறையின் உதவித்தொகை உண்டு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முதல் பட்டப்படிப்பு படிக்கிறவர்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அது அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும்தான். 2024 கடைசியில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் கொடுத்தார்கள். நான் படித்தது நம் திருச்சபை நடத்துகிற, அரசு உதவி பெறும் திருமண்டலப் பள்ளி என்பதால் அப்புறம்தான் எனக்கு வந்தது. இதையெல்லாம் வாங்குவது விசுவாசக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். மனரம்மியமாயிருக்கிறேன் என்று சொன்ன அதே அதிகாரத்தில், எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் நீங்கள் அனுப்பினது வந்து சேர்ந்தது என்று பவுல் பிலிப்பி சபைக்கு நன்றி எழுதுகிறார், அம்மா. வேண்டாம் என்று அவர் திருப்பி அனுப்பவில்லை.

உங்கள் மகளிடம் என்ன படிக்க ஆசை, எத்தனை வருடம், எவ்வளவு செலவு என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள்.

மனரம்மியமாக இருக்கிற கிறிஸ்தவன் தன் உரிமைக்காகக் குரல் கொடுக்கலாமா? பொறுத்துக்கொள்வதுதானே நமக்குக் கற்பிக்கப்பட்டது?
*ஐ.டி. ஊழியர், சென்னை*

கொடுக்கலாம், அண்ணன். மறுபடியும் பிலிப்பிக்கே போக வேண்டியிருக்கிறது. பவுலையும் அவரோடு ஊழியம் செய்த சீலாவையும் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். நடுராத்திரியில் அவர்கள் பாடினது நம் எல்லோருக்கும் தெரியும். ஞாயிறு பள்ளியில் அதற்கு நடித்தே காட்டுவோம். மறுநாள் காலையில் நடந்ததை யாரும் நடித்துக் காட்டுவதில்லை. சத்தம் காட்டாமல் போய்விடுங்கள் என்று அதிகாரிகள் ஆள் அனுப்புகிறார்கள். பவுல் போக மறுக்கிறார். நாங்கள் ரோமக் குடிமக்கள், எல்லோருக்கும் முன்னால் அடித்துவிட்டு இப்போது இரகசியமாக அனுப்பப் பார்க்கிறீர்களா, நீங்களே வந்து எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள் என்கிறார். அவர்கள் வந்தார்கள். ராத்திரி பாடினவரும் காலையில் நியாயம் கேட்டவரும் ஒரே ஆள்தான்.

என் வகுப்பில் ஒரு தோழி இருந்தாள். அவளுடைய தாத்தா காலத்திலேயே குடும்பம் கிறிஸ்தவர்களாகிவிட்டது. ஊரில் அவர்களை நடத்துகிற விதம் அதற்குப் பிறகு மாறவில்லை, தெரு மாறவில்லை. ஆனால் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர்களுக்கு எஸ்.சி. தகுதி கிடையாது. தமிழ்நாட்டில் அவள் பி.சி. பட்டியலில் வருகிறாள். சீக்கியர்களுக்கு 1956இலும் பௌத்தர்களுக்கு 1990இலும் அந்த ஆணை திருத்தப்பட்டது. நம் பிள்ளைகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவளிடம் போய்ப் பொறுத்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சாராள் தக்கர் யார்? எங்கள் அம்மா அங்கே படித்தவர், ஆனால் அவருக்குமே தெரியவில்லை.
*ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்*

இங்கிலாந்துப் பெண்மணி, ஐயா. உடல் ஊனமுற்றவர், இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. மிஷனரியாக இருந்த சகோதரர் ஜான் தக்கர் மூலம் நம் பக்கத்துப் பெண்களுக்குப் படிப்பு இல்லாத நிலையைத் தெரிந்துகொண்டு, அதற்காகப் பணம் சேர்த்தார். 1895இல் கல்லூரி தொடங்கியபோது அவர் உயிரோடு இல்லை. பீடி சுற்றுகிறவர்களின் மகள்கள் அங்கே கணிதம் படிப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. படிப்பு போதாது, இன்னும் வேண்டும் என்று நமக்காக நினைத்த ஒருவர் அவர். அதற்காகவே நான் அவரை நேசிக்கிறேன்.

தேர்வுக்கு முன்னால் ஜெபம் செய்தால் மார்க் கூடுமா? நான் கிறிஸ்தவள் இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.
*கல்லூரி மாணவி, கோவில்பட்டி*

படிக்காத பாடத்துக்குக் கூடாது. மேலப்பாளையத்திலிருந்து வரும் என் தோழிக்கு மாடல் தேர்வு நேரத்தில் ரம்ஜான் நோன்பு இருந்தது. தண்ணீர்கூடக் குடிக்காமல் மூன்று மணி நேரம் எழுதினாள். ஹாலுக்குள் போகும் முன்னால் அவள் ஒரு பக்கம் துவா செய்வாள், நான் ஒரு பக்கம் கண்ணை மூடுவேன். படித்தது பதற்றத்தில் மறந்து போகாமல் இருக்க அது எனக்கு உதவியது. அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

சபையில் சாட்சி சொல்லச் சொன்னால் பாஸானவர்கள், வேலை கிடைத்தவர்கள் மட்டுமே எழுந்து நிற்கிறார்கள். அரியர் வைத்திருக்கிற என்னைப் போன்றவர்கள் என்ன சொல்வது?
*ஒரு வாலிபர், சாயர்புரம்*

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி, தம்பி. ரிசல்ட் வந்த பிறகு எங்கள் சபையில் பட்டம் முடித்தவர்களை முன்னால் கூப்பிட்டார்கள். அம்மா ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் என் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். என்னோடு திடப்படுத்தல் எடுத்தவள் (சபையின் முழு உறுப்பினராகச் சேரும் சடங்கு), என் வகுப்பிலேயே படித்தவள், ரியல் அனாலிசிஸ் பேப்பரில் அரியர் வாங்கியிருந்தாள். அவள் அன்றைக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் எவ்வளவு படித்தாள் என்று எனக்குத் தெரியும். ராத்திரி ராத்திரியாக ஒரே தேற்றத்தை எழுதிப் பார்த்தவள்.

நான் சாட்சியில் அவள் பெயரைச் சொல்லவில்லை. அது அவளைக் கூச்சப்படுத்தும். மார்க்கைப் பற்றியும் பேசவில்லை. ஆபகூக்கின் கடைசி அதிகாரத்தை மட்டும் வாசித்தேன். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், கிடையில் ஆட்டுமந்தைகள் முதலற்றுப்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறான் அந்தத் தீர்க்கதரிசி. விளைச்சல் வந்த பிறகு சொன்ன சாட்சி இல்லை அது. தொழுவத்தில் மாடில்லாதவனும் எழுந்து நிற்கலாம் என்றால், அரியர் இருக்கிறவரும் நிற்கலாம். நீங்கள் எழுந்து, "இன்னும் பேப்பர் இருக்கிறது, நவம்பரில் எழுதுகிறேன், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். உங்கள் சபைக்கு அது தேவை. உங்களுக்குப் பின்னால் இன்னும் சில பேர் எழுந்திருப்பார்கள்.

படிப்பு முடிந்த கையோடு முதலில் என்ன செய்ய வேண்டும்? நீங்கள் இப்போது என்ன செய்கிறீர்கள்?
*பல வாசகர்கள்*

பி.எட். விண்ணப்பித்திருக்கிறேன். இரண்டு வருடப் படிப்பு. அதற்குப் பிறகு டெட் தேர்வு எழுத வேண்டும். இடம் கிடைக்கும் வரை சாயங்காலம் எங்கள் சபைக் கோவில் வராந்தாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். சபை பேதம் இல்லாமல் எல்லாப் பிள்ளைகளும் வருகிறார்கள். பின்னம் புரிந்த உடனே ஒரு பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்க்கும்போது, இன்றைக்கு இது போதும் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். நாளைக்கு பி.எட். இடம் வேண்டும் என்றும் கேட்கிறேன். இரண்டையும் ஒரே ஜெபத்தில் சொல்ல எனக்குச் சங்கடமாக இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்து நோ டியூஸ் கையெழுத்து வாங்குங்கள். டி.சி.யில் பெயர், பிறந்த தேதி, இனிஷியல் மூன்றும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று ஆபீஸ் ஜன்னலிலேயே நின்று பாருங்கள். பெயர் திருத்தம் அப்புறம் பெரிய அலைச்சல். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவில் பட்டத்தைச் சேர்த்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து வையுங்கள். ஒரிஜினல்களை மட்டும் லேமினேட் பண்ண வேண்டாம், பிறகு முத்திரை வைக்க வேண்டி வந்தால் சிரமம்.