கேள்வி–பதில்: ஸோன் ஃபிளாஷில் எழுத்து ஏன் ஊர்கிறது?

ஸோன் முறை ஃபிளாஷ் சேமிப்பு (இடத்தை ஸோன் என்ற பெரிய பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வரிசையாக மட்டுமே எழுத விடுவது), அதை லினக்ஸின் மையமான கெர்னல் கையாளும் விதம் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறோம். இங்கே 'எழுத்து' என்றால் சேமிப்பில் தரவை எழுதும் ஒரு செயல்.

கே: சாதாரண ஃபிளாஷில் எந்த முகவரியில் வேண்டுமானாலும் எழுதலாம். ஸோன் வகையில் வரிசையாக மட்டுமே எழுத வேண்டுமாம். இருக்கிற சுதந்திரத்தை விட்டுவிட்டு இந்த வம்பு எதற்கு?
— கல்லூரி ஆசிரியர்

ப: அந்தச் சுதந்திரம் இனாமாக வரவில்லை. நேண்ட் ஃபிளாஷில் எழுதிய பேஜ் (எழுதும் சிற்றலகு) மீது மறுபடி எழுத முடியாது. அது இருக்கும் பிளாக் (பல பேஜ்கள் சேர்ந்தது) முழுவதையும் அழித்தாக வேண்டும். இதை நம் கண்ணிலிருந்து மறைப்பதற்காக, எந்த முகவரி இப்போது எங்கே கிடக்கிறது என்று கருவி உள்ளுக்குள் ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. 4 கேபிக்கு ஒரு பதிவு, பதிவுக்கு 4 பைட் என்று கணக்குப் போட்டால், 1 டிபி கருவிக்கு அட்டவணை மட்டுமே 1 ஜிபி. பெரிய எஸ்எஸ்டியில் அதற்கென்று டிராம் (வேக நினைவகம்) வைக்கலாம். போனில் இருக்கும் யூஎஃப்எஸ் சேமிப்புச் சிப்பில் அதற்கு இடமில்லை. அட்டவணையையும் துண்டு துண்டாக ஃபிளாஷிலிருந்தே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஸோனுக்குள் வரிசையாகத்தான் எழுதுவார்கள் என்பது உறுதியானால், பெரிய துண்டுக்கு ஒரு பதிவு போதும். அட்டவணை சுருங்குகிறது. செத்த தரவுக்கு நடுவே உயிரோடு இருக்கும் தரவைப் பொறுக்கி இடம் மாற்றும் வேலையும் கோப்பு முறைமையின் கைக்கு வந்துவிடுகிறது. எந்தக் கோப்பு அழிக்கப்பட்டது என்று அதற்குத்தானே தெரியும்.

கே: நேரடி எழுத்து முறையில் (கெர்னலின் நினைவகத் தேக்கத்தைத் தாண்டி நேரே கருவிக்கு), ஒரே ஸோனில் 4 கேபி துண்டுகளாக வரிசையாக எழுதி, ஃபியோ என்ற அளவீட்டு நிரலால் அளந்தேன். துண்டுகள் ஒன்றோடொன்று சேராமல் இருக்க மெர்ஜை அணைத்துவிட்டேன். க்யூ டெப்த் (ஒரே நேரத்தில் முடியாமல் நிற்க விடும் கோரிக்கைகளின் எண்ணிக்கை) 1-இலும் 32-இலும் ஏறக்குறைய அதே வேகம். படிக்கும்போது டெப்த் கூட்டினால் வேகம் கூடுகிறது. கருவியில் கோளாறா?
— பொறியியல் இறுதியாண்டு மாணவர்

ப: கருவியில் கோளாறில்லை. நீங்கள் 32 கேட்டாலும் கெர்னல் அந்த ஸோனுக்கு ஒரு நேரத்தில் ஒரே ஓர் எழுத்தைத்தான் கருவிக்கு அனுப்புகிறது. மீதி 31-ம் வாசலில் நிற்கின்றன.

ஒவ்வொரு ஸோனுக்கும் ஒரு ரைட் பாயிண்டர் உண்டு. அடுத்த எழுத்து சரியாக அது நிற்கும் இடத்தில்தான் விழ வேண்டும். மூன்று எழுத்துகள் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது 0-வில், இரண்டாவது 4 கேபியில், மூன்றாவது 8 கேபியில். வழியில் எங்கோ இரண்டாவதை மூன்றாவது முந்திக்கொண்டு வந்தால், பாயிண்டர் 4 கேபியில் நிற்கும்போது 8 கேபிக்கு எழுதச் சொல்கிறது. கருவி மறுத்துவிடும். ஸ்கஸி (ஒரு சேமிப்புக் கட்டளை மொழி) வழியில் இது 'இல்லீகல் ரிக்வெஸ்ட்' வகைப் பிழையாக, 21, 04 என்ற குறியீட்டோடு 'அன்அலைன்ட் ரைட்' என்று திரும்பி வரும். தரவில் ஒரு தப்பும் இல்லை, வந்த ஒழுங்குதான் தப்பு.

இதைத் தடுக்கக் கெர்னல் கண்ட வழி, முந்திக்கொள்ள ஆளே இல்லாமல் செய்வது. 4.16 பதிப்பிலிருந்து எம்க்யூ-டெட்லைன் ஷெட்யூலர் (கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் பகுதி) ஸோனுக்கு ஒரு பூட்டு போட்டது. ஓர் எழுத்து முடிந்தபிறகுதான் அடுத்தது கிளம்பும். 6.10-இல் டேமியன் லெ மோலின் ஒட்டுகள் (கெர்னல் நிரலுக்கான திருத்தங்கள்) வழியாக இந்த வேலை ஷெட்யூலரிடமிருந்து பிளாக் லேயருக்கு (சேமிப்புக் கோரிக்கைகளைக் கையாளும் கெர்னல் அடுக்கு) மாறியது. பெயர் 'ஸோன் ரைட் பிளக்கிங்'. காத்திருக்கும் எழுத்துகள் இப்போது டேக் (கருவிக்கு அனுப்பும் கோரிக்கைக்கான இடம்) எதையும் பிடித்துவைக்காமல் ஸோனின் பட்டியலில் நிற்கின்றன. அதனால் மற்ற ஸோன்களும் படிப்புகளும் தடைபடுவதில்லை. ஆனால் ஒரு ஸோனுக்கு ஒன்று என்ற விதி அப்படியேதான் இருக்கிறது.

கணக்கும் எளிதுதான். போய்வர 100 மைக்ரோ செகண்ட் என்றால் நொடிக்கு 10,000 எழுத்து. தலா 4 கேபி வீதம் சுமார் 40 எம்பி. கருவி நொடிக்கு ஜிபி கணக்கில் எழுதக்கூடியதாக இருந்தாலும் இதற்கு மேல் வராது. ஒவ்வொன்று முடிந்ததும் அடுத்ததைக் கிளப்பும் வேலை தனியாக ஒரு வொர்க்க்யூவில் (கெர்னலின் பின்னணி வேலை வரிசை) நடக்கிறது. அதற்கான தாமதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கெர்னலைத் தொடாமல் செய்யக்கூடியவை இரண்டு. முதலாவது, பெரிய துண்டாக எழுதுங்கள். 4 கேபிக்குப் பதில் 256 கேபி, 512 கேபி என்று போனால் போய்வரும் நேரம் பெரிய துண்டில் கரைந்துவிடும். மெர்ஜை அணைக்காமல் விட்டாலே பாதி வேலை முடியும்: வாசலில் நிற்கும் அடுத்தடுத்த எழுத்துகளை பிளாக் லேயரே ஒன்றாக்கி அனுப்பும். இரண்டாவது, பல ஸோன்களில் பரப்பி எழுதுங்கள். 8 ஸோன் என்றால் 8 எழுத்து ஒரே நேரத்தில் பயணிக்கும். அதற்கு முன்பு சிஸ் (/sys) அடைவில் அந்தக் கருவியின் க்யூ பகுதிக்குள் இருக்கும் 'மேக்ஸ் ஓபன் ஸோன்ஸ்' (ஒரே நேரத்தில் திறந்திருக்கக்கூடியவை), 'மேக்ஸ் ஆக்டிவ் ஸோன்ஸ்' (திறந்தவையும் பாதி எழுதி மூடியவையும்) என்ற இரு எண்களையும் பார்த்துவிடுங்கள். ஓபன் வரம்பைத் தாண்டினால், எழுத்து வந்ததும் தானாகத் திறந்த ஸோன் ஒன்றைக் கருவியே சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். என்விஎம்இ (எஸ்எஸ்டிகளுக்கான இன்னொரு கட்டளை மொழி) கருவியில் ஆக்டிவ் வரம்பைத் தாண்டினால் பிழைதான். பாதி எழுதிய ஸோன் ஒன்றை ஃபினிஷ் செய்தோ (நிரம்பியதாகக் குறிப்பது) ரீசெட் செய்தோதான் (முழுவதும் அழிப்பது) இடம் பெற முடியும்.

கே: ஸோன் யூஎஃப்எஸ் உள்ள ஆண்ட்ராய்டு கருவியில் வேலை செய்கிறோம். கோப்பு முறைமை எஃப்2எஃப்எஸ். சின்னச் சின்ன எழுத்துகள்தான் எங்கள் தலைவலி. அந்த 'ஒன்றுக்கு ஒன்று' விதியை எடுத்துவிட்டால் என்ன?
— கெர்னல் பொறியாளர்

ப: எடுக்கலாம். ஆனால் அந்த விதி எதற்குக் காவலாக நின்றதோ, அந்த வேலையை வேறு யாராவது ஏற்றாக வேண்டும். 2023 முதல் யூஎஃப்எஸ்ஸுக்காக முன்வைக்கப்படும் 'பைப்லைனிங்' ஒட்டுகளின் சாரம் இதுதான்: கீழே இருக்கும் டிரைவரும் கன்ட்ரோலரும் ஒழுங்கைக் காப்பார்கள் என்று உறுதி தந்தால் மட்டும், ஒரே ஸோனுக்குப் பல எழுத்துகளை அடுத்தடுத்து அனுப்பலாம்.

உங்களுக்கு இது ஏன் கடுமையாக உறைக்கிறது என்றால், எஃப்2எஃப்எஸ் எல்லாச் செயலிகளின் எழுத்தையும் சில லாக்குகளில்தான் (பின்னே சேர்த்துக்கொண்டே போகும் எழுத்து வரிசைகள்) கொட்டுகிறது. தரவுக்கு மூன்று, நோடுக்கு (கோப்பின் தரவு எங்கே இருக்கிறது என்ற குறிப்பு) மூன்று, ஆக ஆறு. இருபது செயலிகள் ஓடினாலும் வழக்கமான கோப்புகள் பெரும்பாலும் ஒரே லாக்குக்கு, அதாவது ஒரே ஸோனுக்குப் போகின்றன. எல்லோரும் ஒரே வாசலில். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: ஒரு செயலி எழுதி எஃப்சிங்க் (தரவு நிலையாகப் பதியும்படி கேட்பது) செய்து, அது முடியும்வரை காத்திருந்து அடுத்ததை எழுதினால், அந்த ஒற்றைத் தொடருக்கு பைப்லைனிங் ஒன்றும் செய்யாது. பல தொடர்கள் ஒரே ஸோனில் மோதும்போதுதான் லாபம். அளக்கும்போதும் அப்படியே அளக்க வேண்டும்.

ஒழுங்கு எங்கெல்லாம் உடையும் என்பதை மேலிருந்து கீழே தேடுங்கள். முதல் இடம் ஷெட்யூலர். ஒரே ஸோனுக்கான இரண்டு எழுத்துகளுக்கு வெவ்வேறு ஐஓ முன்னுரிமை இருந்தால், எம்க்யூ-டெட்லைன் அவற்றைத் தனித்தனி வரிசையில் போட்டு, பின்னால் வந்ததை முன்னால் அனுப்பக்கூடும்.

அடுத்தது சிபியூ. எழுதிக்கொண்டிருந்த த்ரெட் 2-ஆம் கோரிலிருந்து 5-ஆம் கோருக்குத் தாவினால், பல க்யூ உள்ள கருவியில் அதன் அடுத்த எழுத்து வேறு ஹார்டுவேர் க்யூவில் போய் விழும். இரண்டு க்யூக்களுக்கு நடுவே எந்த ஒழுங்கும் கிடையாது. ஆகவே ஒரு ஸோனில் பயணத்தில் எழுத்து இருக்கும்வரை, அந்த ஸோனின் அடுத்த எழுத்துகளும் அதே க்யூவுக்குத்தான் போக வேண்டும். பயணத்தில் ஒன்றுமில்லை என்றானபிறகு மாற்றிக்கொள்ளலாம்.

பிறகு கன்ட்ரோலர். யூஎஃப்எஸ் 4.0 கன்ட்ரோலர் விதிப்படியான பல க்யூ முறையில், ஒரு க்யூவுக்குள் போட்ட ஒழுங்கிலேயே கட்டளைகள் கருவிக்குப் போகும். பழைய ஒற்றை டோர்பெல் (புதுக் கட்டளை இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் மணி) முறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒவ்வொரு கட்டளைக்கும் தனியாக மணி அடித்தால் ஒழுங்கு நிற்கும். பல பிட்களைச் சேர்த்து ஒரே அடியாக அடித்தால், எது முன்னே போகும் என்பதை நீங்கள் போட்ட நேரம் தீர்மானிக்காது, கட்டளை உட்கார்ந்த ஸ்லாட்டின் எண்தான் தீர்மானிக்கும். டிரைவரில் யாராவது 'வேகப்படுத்துகிறேன்' என்று மணியைத் தொகுத்து அடித்திருந்தால், அன்அலைன்ட் ரைட் அங்கிருந்துதான் வரும்.

கடைசி இடம் மறுமுயற்சி. பெரும்பாலானோர் இதைச் சோதிப்பதே இல்லை. நான்கு எழுத்துகள் பயணத்தில் இருக்கும்போது முதலாவது ஏதோ தற்காலிகக் காரணத்தால் தோற்றால், பாயிண்டர் நகரவில்லை. பின்னால் வந்த மூன்றும் அன்அலைன்ட் ஆகத் தோற்கும். தோற்ற ஒழுங்கிலேயே ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினால் மறுபடியும் மோதல்தான். சரியான வழி: அந்தக் கருவியில் பயணத்தில் உள்ளவை எல்லாம் முடியவோ தோற்கவோ காத்திருந்து, தோற்றவற்றை முகவரி வரிசையில் அடுக்கி, பிறகு அனுப்ப வேண்டும். மறுமுயற்சி எண்ணிக்கையையும் பார்த்துவையுங்கள். தன் தப்பே இல்லாமல் தோற்ற எழுத்துகள் அந்த வரம்பைத் தின்றுவிட்டால், கோப்பு முறைமைக்கு நிஜமான ஐஓ பிழை போய்ச் சேரும். பிழையைச் செயற்கையாகப் புகுத்திப் பார்க்காமல் இந்த மாற்றத்தைக் கருவியில் ஏற்றாதீர்கள். பிழை வராத சோதனையில் எல்லாமே நன்றாகத்தான் ஓடும்.

கே: அதே பைப்லைனிங் உத்தி என்விஎம்இ ஸோன் எஸ்எஸ்டிக்கும் ஒத்துவருமா?
— சர்வர் நிர்வாகி

ப: வராது. ஒரே க்யூவில் போட்ட கட்டளைகளைக் கூட போட்ட ஒழுங்கிலேயே செய்து முடிப்பேன் என்று என்விஎம்இ வாக்குக் கொடுப்பதில்லை. அதற்குப் பதிலாக 'ஸோன் அப்பெண்ட்' தருகிறது. பந்தியில் எந்த இலை என்று சொல்லாமல் 'உள்ளே போய் உட்காருங்கள்' என்பதுபோல, எந்த ஸோன் என்று மட்டும் சொல்கிறோம். எங்கே எழுதினேன் என்பதைக் கருவி திருப்பிச் சொல்கிறது. முந்திக்கொண்டாலும் சண்டையில்லை, எத்தனை வேண்டுமானாலும் பயணத்தில் இருக்கலாம். கெர்னலில் இது 5.8-இல் வந்தது. பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை தரவுப் பகுதிக்கு இதைப் பயன்படுத்துகிறது. ஒரு கட்டளையின் உச்ச அளவுக்கு வரம்பு உண்டு, அதைத் தாண்டாதீர்கள். யூஎஃப்எஸ் பேசுவது ஸ்கஸி மொழி. அதில் அப்பெண்ட் கட்டளையே கிடையாது. கெர்னல் அதைச் சாதாரண எழுத்தாக மாற்றிப் பாவனை செய்கிறது, அந்த எழுத்தும் மறுபடி அதே வாசலில்தான் நிற்கும்.

கே: 6.10-க்குப் பிறகும் எம்க்யூ-டெட்லைன் கட்டாயமா?
— சர்வர் நிர்வாகி

ப: இல்லை. 'நன்' (ஷெட்யூலர் எதுவும் இல்லை) என்று வைத்தாலும் ஸோன் ஒழுங்கு காக்கப்படும்.

கே: எஃப்2எஃப்எஸ் ஸோன் கருவி புதிதில் நன்றாக எழுதுகிறது. நிறைய நிரம்பியபிறகு திடீர் திடீரென்று வேகம் சரிகிறது. இதற்கும் அந்தப் பூட்டுதான் காரணமா?
— செயலி உருவாக்குநர்

ப: பெரும்பாலும் இல்லை, இது செத்த தரவை நீக்கி இடம் மீட்கும் வேலையான கார்பேஜ் கலெக்‌ஷன். ஸோன் கருவியில் எஃப்2எஃப்எஸ் தரவைப் பழைய இடத்தின் மேலே எழுதாது, எல்லாம் லாக் முறையில்தான். சுத்தம் செய்யும் அலகும் ஸோன் அளவுக்கு இருக்கும். 1 ஜிபி ஸோனில் 70 விழுக்காடு உயிருள்ள தரவு என்றால், சுமார் 300 எம்பி இடம் விடுவிக்க 700 எம்பி நகர்த்த வேண்டும். 30 விழுக்காடு என்றால் 300 எம்பி நகர்த்தி 700 எம்பி கிடைக்கும். நிரம்ப நிரம்ப விலை ஏறுவது இதனால்தான். காலியான ஸோனும் உடனே கைக்கு வராது, செக்பாயிண்ட் (கோப்பு முறைமை தன் நிலையைப் பதிவு செய்வது) ஆனபிறகுதான்.

ஃபார்மேட் செய்யும்போதே ஓவர்புரொவிஷன் (சுத்தம் செய்வதற்கென்று ஒதுக்கும்) இடத்தைத் தாராளமாக விடுங்கள். கருவி சும்மா இருக்கும் நேரத்தில் பின்னணிச் சுத்தம் நடக்க விடுங்கள். இடம் தீர்ந்தபிறகு முன்னணியில் நடந்தால் பயனர் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பார். அடிக்கடி மாறும் கோப்பையும் மாறாத படங்களையும் வெவ்வேறு லாக்குக்கு அனுப்பினால், ஒரு ஸோன் மொத்தமாகச் சாக வாய்ப்புக் கூடும். எஃப்2எஃப்எஸ்ஸின் மெட்டாடேட்டாவுக்கு (கோப்பு முறைமையின் உள்குறிப்புகளுக்கு) இஷ்டப்படி எழுதக்கூடிய கன்வென்ஷனல் ஸோன் தேவை என்பதையும் மறக்காதீர்கள். கருவியில் அது இல்லாவிட்டால் சாதாரணக் கருவி ஒன்றைச் சேர்த்துத்தான் ஃபார்மேட் செய்ய வேண்டும்.

கே: ஸோன் கருவி வாங்க வசதியில்லை. லேப்டாப்பில் இதையெல்லாம் முயல வழி உண்டா?
— பொறியியல் மாணவி

ப: உண்டு. 4.19 முதல் கெர்னலின் நல்-பிளாக் மாட்யூல் ஸோன் கருவியாக நடிக்கும். மாட்யூலை ஏற்றும்போது ஸோன் முறையை 1 என்றும், கருவி அளவை 4 ஜிபி, ஸோன் அளவை 64 எம்பி என்றும் கொடுங்கள். 64 ஸோன் கிடைக்கும். ஐஆர்க்யூ (கோரிக்கை முடிந்ததை அறிவிக்கும் விதம்) முறையை 2 ஆக, அதாவது டைமராக வைத்து, முடிவு நேரத்தை 1,00,000 நானோ செகண்ட் என்று கொடுத்தால் மேலே சொன்ன 100 மைக்ரோ செகண்ட் கருவி தயார். முதலில் 'பிளாக்ஸோன் ரிப்போர்ட்' கட்டளையால் ஸோன்கள் சரியாகத் தெரிகின்றனவா, பாயிண்டர்கள் 0-வில் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

பிறகு ஃபியோவில் ஸோன் முறையை 'இசட்பிடி' என்றும் நேரடி எழுத்தை 1 என்றும் கொடுத்து ஓட்டுங்கள். நேரடி எழுத்து இல்லாமல் பேஜ் கேஷ் (கெர்னலின் நினைவகத் தேக்கம்) வழியாகப் போனால், எந்த ஒழுங்கில் கருவிக்கு இறங்கும் என்பது உங்கள் கையில் இருக்காது. 'நோமெர்ஜஸ்' அமைப்பை 2 ஆக (மெர்ஜ் அணைந்த நிலை) வைத்து ஒரு ஸோனில் டெப்த் 1, 32 இரண்டையும் அளந்து, பிறகு அதை 0 ஆக்கி (மெர்ஜ் இயங்கும்) மறுபடி அளங்கள். அடுத்து 8 ஜாப், 8 ஸோன். நொடிக்கு 10,000 என்ற கூரை எப்போது உடைகிறது, எப்போது உடையவில்லை என்பது கண்ணுக்குத் தெரியும். கோப்பு முறைமையை ஏற்றிப் பார்க்க வேண்டுமானால் 'மெமரி பேக்டு' அமைப்பையும் இயக்குங்கள். இல்லாவிட்டால் எழுதிய தரவை அது வைத்துக்கொள்ளவே செய்யாது. ஃபார்மேட் முடிந்துவிடும், மவுன்ட் மட்டும் ஆகாது.