தினமும் ஒரு படம் எடுத்து, அன்றிரவே திருத்துவதால் என்ன கிடைக்கும்?

கேள்வி: ஓராண்டுக்குத் தினமும் ஒரு புகைப்படம் எடுத்து, அதைத் திருத்திச் சேர்த்துவைக்க நினைக்கிறேன். வேலைக்குப் போகிறவரால் இது முடியுமா? உண்மையில் பயன் உண்டா?

முடியும். நான் திருச்சியில் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பதரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். அது போக மிஞ்சிய நேரத்துக்குள்தான் ஓராண்டை முடித்தேன்.

பயன் பற்றிய கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. தினமும் எடுப்பதால் மட்டும் கண் தேறிவிடாது. எடுத்ததை அன்றிரவே உட்கார்ந்து திருத்தும்போதுதான் பாடம் நடக்கிறது. வெளிச்சம் எப்படி விழுந்தது, கேமரா அதை என்னவென்று புரிந்துகொண்டது, நான் கண்டது என்ன என்ற மூன்றையும் அப்போதுதான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஞாயிற்றுக்கிழமை ஏழு படங்களையும் சேர்த்துத் திருத்தலாம் என்று தள்ளிப்போட்டால், செவ்வாய்க்கிழமை மாலை வெயில் எவ்வளவு மஞ்சளாக இருந்தது என்பது மறந்துபோயிருக்கும். திரையில் கவர்ச்சியாகத் தெரிவதை நோக்கிக் கை போய்விடும். அன்றைக்கே செய்தால் அந்த வெயில் இன்னும் கண்ணில் இருக்கும். மறுநாள் கேமராவைத் தூக்கும்போது, முந்தைய இரவு எதைச் சரிசெய்யத் திண்டாடினோம் என்பது நினைவுக்கு வந்து, நிற்கும் இடத்தையே மாற்ற வைக்கும்.

வேலைக்குப் போகிறவரின் ஆண்டில் பெரும்பாலான படங்கள் இரவுப் படங்களாகவே இருக்கும். அதற்கு மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய வகை டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்புகளும் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்கு அது தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகத்தை, அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரத்தை, 1/500 விநாடிக்குக் கொண்டுபோனால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். 1/50 அல்லது 1/100 விநாடியில் எடுத்தால் விழாது. விழுந்துவிட்ட பட்டையைத் திருத்தத்தில் நீக்குவது பெரும்பாடு.

தெருவில் இன்னும் மிஞ்சியிருக்கும் சோடியம் விளக்குகள் வேறு வகை. அவற்றின் ஒளி பெரும்பாலும் மஞ்சளுக்குள்ளேயே அடங்கிவிடுவதால், அதில் நீலத்தைத் தேடி ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சரிக்கட்டலை) எவ்வளவு திருகினாலும் கிடைக்காது. அத்தகைய படத்தைத் தயங்காமல் கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள். காந்தி மார்க்கெட்டில் இரவு லாரி வந்து நிற்கும்போது, கடைக்குள் வெள்ளை எல்இடி, தெருவில் மஞ்சள் விளக்கு என்று இரண்டு ஒளியும் ஒரே சட்டத்துக்குள் இருக்கும். இரண்டையும் சேர்த்து நேராக்க முடியாது. முகத்தில் எந்த ஒளி விழுகிறதோ அதற்கு ஒயிட் பேலன்ஸை வைத்துவிட்டு, மற்றதை அதன் நிறத்திலேயே விடுவது என் வழக்கம். இரவு என்றால் அப்படித்தான் இருக்கும்.

நான் மிக அதிகமாகக் கற்றது என் அப்பாயியின் படங்களில். நல்ல கறுப்பு நிறம். எப்போதும் வெள்ளைப் புடவை. கேமராவின் ஒளியளவி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்று எண்ணியே கணக்குப் போடும். சட்டம் முழுக்க வெள்ளைப் புடவை இருந்தால் படத்தை இருட்டாக்கி, முகத்தின் சாயல்களை விழுங்கிவிடும். பின்னால் இருட்டான அடுக்களை இருந்தால் படத்தை வெளிச்சமாக்கி, புடவையின் மடிப்புகளை அழித்துவிடும். கைப்பேசியோ ஒரு படி மேலே போய் முகத்தைத் தேடிப் பிடித்து வெளுக்க வைக்கிறது. அப்படி வந்த ஒரு படத்தைக் காட்டியபோது, இது யார் என்று அப்பாயி கேட்டார்.

வெள்ளைத் தோலுக்குச் சாதகமான இந்தச் சாய்வு பழையது. 1950-களிலிருந்து கோடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு நிறத்தை ஒப்பிட்டுச் சரிபார்க்க அனுப்பிய ஷெர்லி அட்டைகளில் வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது. அவருடைய தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்பதே அளவுகோல். அந்த அளவுகோல் நம் வீட்டுக்குள்ளும் நுழையத் தேவையில்லை. கறுத்த முகத்தைத் திருத்தும்போது நிழல்களை உயர்த்தும் ஸ்லைடரை (திரையில் இழுத்து நகர்த்தும் பட்டையை) தொடாதீர்கள். தோல் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். கன்னத்திலும் நெற்றியிலும் உள்ள பளபளப்பு கெடாத அளவுக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் மொத்த வெளிச்சத்தை, வைத்து, நிழல் நிழலாகவே இருக்கட்டும் என்று விட்டால் அந்த ஆள் அப்படியே வந்து உட்கார்ந்திருப்பார். இதை மட்டும் கற்றுக்கொண்டு வேறெதையும் கற்காமல் போயிருந்தாலும் அந்த ஆண்டு எனக்குத் தகும்.

ஓராண்டு என்பதால் சூரியனின் நடமாட்டமும் புரியத் தொடங்கும். திருச்சி ஏறத்தாழ 10.8 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கண்குழிகள் கறுத்து, மூக்கின் நிழல் உதட்டின் மேல் விழும். எந்த மென்பொருளும் இதைக் காப்பாற்றாது. ஆளைத் திண்ணைக்கு நகர்த்துங்கள். தெருவில் பட்டுத் திரும்பும் வெயில் கீழிருந்து முகத்தை நிரப்பும்.

ஆடிப் பதினெட்டன்று காவிரிக் கரை அம்மா மண்டபத்தில் மஞ்சளும் குங்குமமும் செவ்வந்தியும் குவிந்திருக்கும்போது வேறொரு சிக்கல். படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் மொத்தத்தில் சரியாகத் தெரியும், ஆனால் சிவப்பு நிறத்தின் அளவு மட்டும் எல்லை கடந்து, பூக்களின் இதழ்கள் வெறும் வண்ணத் திட்டாகிவிடும். மூன்று நிறங்களின் ஹிஸ்டோகிராமையும் தனித்தனியே பார்க்கப் பழகுங்கள். கேமரா பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்திருந்தால் எக்ஸ்போஷரைச் சற்றுக் குறைத்ததும் இதழ்கள் பெரும்பாலும் திரும்பிவரும். வழக்கமான ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384. அந்த வேறுபாடு குங்குமத்தில்தான் தெரியும்.

மார்கழியில் கொள்ளிடக் கரையில் பனி இறங்கியிருக்கும். மென்பொருளில் டீஹேஸ் என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது, மூட்டத்தை நீக்குவதற்கு. குளிரில் எழுந்துபோனதே அந்தப் பனிக்காகத்தான். தயவுசெய்து அதை நீக்காதீர்கள்.

இதே காரணத்தால்தான் ஆயத்த வண்ண வடிகட்டிகளையும் (ஃபில்டர்) வேண்டாம் என்கிறேன். முழு ஆண்டையும் ஒரே வடிகட்டியில் போட்டு எடுத்தால் சித்திரையும் மார்கழியும் ஒன்றுபோல் தெரியும். ஆண்டு முழுக்க எடுப்பதே அவை வேறுவேறு என்று காண்பதற்கு அல்லவா?

திருத்தத்துக்குக் கால் மணி நேரம் போதும். சாய்ந்த கோட்டை நேராக்குவது, தேவையற்ற ஓரத்தை வெட்டுவது, ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், அவ்வளவுதான். பிறகு ஸ்லைடர்களைத் தொடாமல் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஒருமுறை பாருங்கள். மிகையாகச் செய்தது உடனே கண்ணில் படும். கணினி இருந்தால் டார்க்டேபிள் என்ற திருத்த மென்பொருள் இலவசம். கைப்பேசியில் ஸ்னாப்சீட் என்ற செயலி இலவசம். மாதங்கள் செல்லச்செல்ல என் கை ஸ்லைடர்களை நகர்த்தும் தூரம் குறைந்துகொண்டே வந்தது. கண் தேறிவருகிறது என்பதற்கு நான் நம்பும் அடையாளம் இது ஒன்றே.

எடுக்க ஒன்றுமே இல்லாத நாட்கள் நிறைய வரும். காய்ச்சலோடு படுத்திருந்தால் தலைமாட்டில் இருக்கும் மாத்திரை அட்டையை எடுங்கள். ஜேமி லிவிங்ஸ்டன் என்ற அமெரிக்கர் 1979 மார்ச் 31 முதல் தினமும் ஒரே ஒரு போலராய்டு படம் (எடுத்தவுடன் கேமராவிலிருந்தே அச்சாகி வருவது) எடுத்தார். 1997 அக்டோபர் 25-ஆம் தேதி, தன் 41-ஆவது பிறந்தநாளில், அவர் இறக்கும்வரை அது தொடர்ந்தது. 6,000-க்கும் மேற்பட்ட அந்தப் படங்களில் பெரும்பாலானவை நண்பர்கள், சாப்பாட்டு மேசை, தெரு என்று சாதாரணமானவை. இறுதி மாதங்களில் மருத்துவமனையும் வருகிறது. அவற்றை வரிசையாகப் பார்க்கும்போது எந்தப் படத்தையும் நீக்கச் சொல்ல மனம் வராது. ஆகவே சுமாரான படம் என்று எந்த நாளையும் வெறுமையாக விடாதீர்கள். போலராய்டில் அவருக்குத் திருத்தும் வசதி கிடையாது. நமக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்தி அந்த நாளை உள்ளபடி காட்டுவது நம் வேலை.

ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டாம். புதுக் கேமராவும் வாங்க வேண்டாம். கைப்பேசியில் முகத்தை மெருகேற்றும் பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள். ரா வசதி இருந்தால் இயக்குங்கள். தினமும் எத்தனை எடுத்தாலும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, மற்றவற்றை அன்றிரவே அழித்துவிடுங்கள். ஒரு ரா கோப்பு 30 எம்பி என்று வைத்தாலும் 365 படங்களுக்கு 11 ஜிபி தாண்டாது. சின்ன பென்டிரைவிலேயே அடங்கும் அளவு. இரண்டு பென்டிரைவ் வாங்கி மாதம் ஒருமுறை இரண்டிலும் நகலெடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் கொடுத்துவையுங்கள். என்னுடையது அக்காள் வீட்டு பீரோவில் இருக்கிறது.