நித்தியகல்யாணி இலையைக் கொதிக்க வைத்துக் கொடுக்கலாமா?

"அப்பாவுக்கு லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்). வின்கிரிஸ்டின் ஊசி போடுகிறார்கள். அது நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் மருந்தாமே? அப்படியானால் இலையையே கொதிக்க வைத்துக் கொடுத்தால் என்ன?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கொடுக்காதீர்கள். மருந்து அந்தச் செடியிலிருந்து வருவது உண்மைதான். ஆனால் அது வேலை செய்யும் விதம் தெரிந்தால், நான் ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பது புரியும்.

ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் தன் குரோமோசோம்களைப் படியெடுத்து, இரு பக்கமும் சமமாக இழுக்க வேண்டும். இழுக்கும் கயிறுகள்தான் நுண்குழல்கள். டியூபுலின் என்ற புரதம் ஒவ்வொன்றாகச் சேர்ந்து அவை நீளும், கழன்றால் குறுகும். வின்கிரிஸ்டின் டியூபுலினில் போய் ஒட்டிக்கொள்கிறது. கயிறு உருவாகாது. குரோமோசோம்கள் செல்லின் நடுவிலேயே நின்றுவிடும். எல்லாக் குரோமோசோமும் சரியாக மாட்டப்படும்வரை செல் அடுத்த கட்டத்துக்கு நகராது. உள்ளேயே அப்படி ஒரு கண்காணிப்பு இருக்கிறது.

மணிக்கணக்கில் இப்படிச் சிக்கி நிற்கும்போது, செல்லைச் சாகவிடாமல் காக்கும் புரதங்கள் குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வு ஓட்டையாகி, சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியே கசியும். அது காஸ்பேஸ் நொதிகளைத் தட்டி எழுப்ப, அவை செல்லின் புரதங்களை வெட்டித் தள்ளும், டிஎன்ஏவும் துண்டாகும். செல் சுருங்கிச் சிறு குமிழ்களாக உடைய, பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கிவிடும். எல்லாச் செல்லும் இப்படிச் சாவதில்லை. சில பிரியாமலே நழுவித் தப்பிக்கும். இதை வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிக்கல் எங்கே என்றால், இந்த மருந்துக்குப் புற்றுச் செல் எது, நல்ல செல் எது என்று அடையாளம் தெரியாது. பிரியவே பிரியாத நரம்புகூட மாட்டிக்கொள்ளும். முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் வரை நீளும் நரம்பிழைக்குள் சரக்குப் போக்குவரத்து நடப்பதே நுண்குழல்கள் வழியாகத்தான். அதனால்தான் கால் மரத்துப்போகிறது, சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறது, மலச்சிக்கல் வருகிறது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போடாமல் நிறுத்திக்கொள்வது இதனால்தான்.

இலையில் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. அதில் ஆல்கலாய்டு எனப்படும் தாவர வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன; வின்கிரிஸ்டினோ மிகமிகக் குறைவு. ஒரு கிராம் எடுக்க டன் கணக்கில் இலை வேண்டும். கொதிக்க வைத்த தண்ணீரில் எது, எவ்வளவு இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது.

1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற ஆய்வாளர்கள் இந்த இலையைச் சர்க்கரை நோய்க்காகத்தான் சோதித்தார்கள். சாற்றை எலிகளுக்கு ஊசியில் செலுத்தியபோது, நோயை எதிர்க்கும் இரத்த வெள்ளணுக்கள் சரிந்து விழுந்தன. அதிலிருந்து பிறந்ததுதான் இதன் அண்ணன் மருந்தான வின்பிளாஸ்டின். கீமோவில் ஏற்கெனவே வெள்ளணு குறைந்திருக்கும் அப்பாவுக்கு இந்த ஆபத்து தேவையா?

ஏற்கெனவே கொடுத்திருந்தால் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். திட்டமாட்டார்கள், திட்டினாலும் பரவாயில்லை. வேறு மாத்திரைகளையும் காட்டுங்கள். குறிப்பாக இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள் வின்கிரிஸ்டின் உடம்பிலிருந்து வெளியேறுவதைத் தாமதமாக்கி நரம்புப் பாதிப்பைக் கூட்டும். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போங்கள். கால் மரத்தாலும், இரண்டு மூன்று நாள் மலம் போகாவிட்டாலும் அடுத்த ஊசிவரை காத்திருக்க வேண்டாம், உடனே சொல்லுங்கள்.